இந்த ஈறு யாருடையது?

உயிர்த் தகவலியல் படிக்கும் மாணவர்களுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் களமசேரியிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ மாணவியருக்கு,

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, முதுகலை படிக்கும் ஒரு பெண் என் கிளினிக்குக்கு வந்தாள். நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். திரையில் சிலந்தி வலைபோல் நூற்றுக்கணக்கான கோடுகள். நடுவில் பத்து சிவப்பு வட்டங்கள். “டாக்டர், ஈறு நோய்க்கு இந்தப் பத்தும்தான் ஹப் ஜீன். இதுல மூணை மருந்துக்கான இலக்குன்னு எழுதியிருக்கேன். நோயாளிக்கு இதனால என்ன பயன்னு நீங்க நாலு வரி சொன்னா ஆய்வேடு முடிஞ்சிடும்” என்றாள்.

பல மாதங்கள் தூக்கம் கெட்டு உழைத்திருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். “இந்த ஈறு யாருடையதும்மா?”

அவள் திகைத்தாள். “ஜி.இ.ஓ.விலிருந்து இறக்கினது டாக்டர்” என்றாள். பிறகு இருவருமாக உட்கார்ந்து அந்தத் தரவுத் தொகுதியின் விவரப் பக்கத்தைப் படித்தோம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஈறு அறுவை சிகிச்சைக்கு வந்த 120 பேர். அவர்களிடமிருந்து எடுத்த 310 துண்டுகள். அவற்றில் 241 நோயுற்ற இடத்திலிருந்து, 69 நோயில்லாத இடத்திலிருந்து. உங்களில் பலருக்கு இந்தத் தொகுதி பழக்கமானதுதான். ஈறு நோய்க்கு இலக்கு தேடும் கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாக இதைத்தான் அள்ளி எடுத்திருக்கின்றன.

அன்று இரவு நான் தூங்கவில்லை. அவள் செய்த கணக்கில் குறை கண்டதால் அல்ல. அந்தக் கேள்வியை அதுவரை அவளிடம் யாருமே கேட்டதில்லை என்பதால். அதனால்தான் இந்த மடல்.

நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து கேரளத்தின் களமசேரியில் பல் மருத்துவம் பார்ப்பவன். ஏலூர் ஆலைகளில் வேலை செய்வோர், டீக்கடைத் தொழிலாளிகள், வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கட்டட வேலைக்காரர்கள், நம் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் எனப் பலரும் என் நாற்காலியில் உட்காருகிறார்கள். கணினி வழியே மருந்துக்கு இலக்கு தேடும் உங்கள் வேலையை நான் மதிக்கிறேன், நம்புகிறேன். இந்த மடலில் வரும் கண்டிப்பெல்லாம் அந்த நம்பிக்கையிலிருந்து பிறந்தது.

முதலில், ஏன் நம்புகிறேன் என்று சொல்கிறேன். வாய் நோய் சின்ன நோய் அல்ல. முற்றிய ஈறு நோய் உலகில் 100 கோடிப் பேருக்கு மேல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஊரில் பயோரியா என்பார்கள்: ஈறு வீங்கும், ரத்தம் கசியும், பல்லைத் தாங்கும் எலும்பு கரையும், ஒரு நாள் பல் ஆடும். கிருமிதான் தொடக்கம். ஆனால் எலும்பைக் கரைப்பதில் பெரும்பங்கு நம் உடலே நடத்தும் அழற்சிக்கு. அதனால் அழுக்கைச் சுரண்டி எடுப்பதோடு, அடங்காத அந்த அழற்சியை எங்கே தொட்டால் அடக்கலாம் என்றும் தேட வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ 20,000 மரபணுக்களில் அந்த இடத்தைத் தேடக் கண் போதாது, கணினி வேண்டும். சொந்த ஆய்வகமோ பெரிய நிதியோ இல்லாத ஒரு மாணவி, எங்கோ இருப்பவர்கள் உலகுக்குத் திறந்து வைத்த தரவை எடுத்து அதைத் தேட முடிகிறது. இது பெரிய காரியம்.

2008லேயே இத்தாலிய ஆய்வாளர்கள் இந்த வழியில் ஈறு நோயின் ‘தலைமை மரபணுக்கள்’ என்று ஐந்தைச் சுட்டினார்கள். அவற்றில் இரண்டு, என்.எஃப். கப்பா-பி என்ற அழற்சிச் சாவியின் பகுதிகள். அதற்குப் பிறகு தரவு பெருகியது, கருவிகள் எளிதாயின. இன்று ஸ்ட்ரிங்கில் மரபணுப் பெயர்களைப் போட்டு, சைட்டோஸ்கேப்பில் வலை வரைந்து, பத்து ஹப் ஜீனை எடுத்து, மருந்து மூலக்கூறு ஒன்றை டாக்கிங் செய்து பார்க்க ஒரு வாரம் போதும். வேலை எளிதான இந்தக் காலத்தில்தான் கேள்விகள் கடினமாக இருக்க வேண்டும்.

அந்த 310 துண்டுகளுக்கே திரும்பி வருவோம். அவை 310 பேருடையவை அல்ல, 120 பேருடையவை. ஒருவர் வாயிலிருந்து எடுத்த இரண்டு மூன்று துண்டுகளைத் தனித்தனி மனிதர்களாக எண்ணிக் கணக்கிட்டால், இல்லாத உறுதி இருப்பதுபோல் தோன்றும். ஒரே வீட்டில் மூன்று பேரிடம் கேட்டுவிட்டு ஊரே சொன்னது என்பது போன்றது அது. இன்னொன்று, அங்கே ‘ஆரோக்கியமான’ என்று குறித்திருக்கும் 69 துண்டுகளும் ஆரோக்கியமான மனிதர்களுடையவை அல்ல. ஈறு நோயாளியின் வாயிலேயே நோய் எட்டாத இடத்திலிருந்து எடுத்தவை. தரவைக் கொடுத்தவர்கள் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்காமல் விட்டது நாம்தான்.

அடுத்தது, எதை அளந்தோம் என்பது. நோயுற்ற ஈற்றுத் துண்டை அரைத்து மரபணு வெளிப்பாட்டை அளக்கும்போது அதில் இருப்பது ஈறு மட்டும் அல்ல. பிளாஸ்மா செல்கள், நியூட்ரோஃபில்கள், டி செல்கள் என்று ஒரு படையே அங்கே வந்து இறங்கியிருக்கும். நோயில்லாத துண்டில் அந்தப் படை குறைவு. அதனால் ‘அதிகமாக வெளிப்பட்ட’ மரபணுக்களில் பெரும்பாலானவை அந்தச் செல்கள் தங்களோடு கொண்டு வந்தவை. எந்த மரபணுவின் செயல் மாறியது என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை. யார் யார் வந்து கூடினார்கள் என்றுதான் சொல்கிறது. தீப்பிடித்த வீட்டைச் சுற்றித் தீயணைப்பு வண்டிகள் நிற்பதைப் பார்த்து, தீக்குக் காரணம் வண்டிதான் என்று எழுதலாமா? செல் விகிதத்தைக் கணக்கில் கழித்துப் பார்க்க இன்று வழிகள் உண்டு. ஒவ்வொரு செல்லாகப் பிரித்து அளந்த வாய்த் திசுத் தரவும் 2021லிருந்து திறந்தே கிடக்கிறது. அவற்றைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, அந்தச் சிவப்பு வட்டங்கள். ஐ.எல்.-6, ஐ.எல்.-1 பீட்டா, டி.என்.எஃப்., எம்.எம்.பி.-9 ஆகியவை எந்த அழற்சி நோயை எடுத்தாலும் நடுவில் வந்து உட்காருகின்றன. அவை முக்கியமானவைதான். ஆனால் அவற்றைச் சுற்றி இத்தனை கோடுகள் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அவற்றைப் பற்றி ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதப்பட்டிருக்கின்றன. கட்டுரைகளில் சேர்ந்து வரும் பெயர்களையும் அந்த வலை உறவாக எண்ணுகிறது. அதிகம் பேசப்பட்டதற்கு அதிகம் கோடு. அதனால் இதுவரை யாரும் ஆராயாத மரபணு ஒன்று உண்மையான குற்றவாளியாக இருந்தாலும் வலையின் ஓரத்தில் பெயரில்லாமல் கிடக்கும். புதியதைக் கண்டுபிடிக்கப் போன நாம், தெரிந்ததையே சுற்றிவிட்டுத் திரும்புகிறோம்.

எண்ணிக்கையும் நம்மை ஏமாற்றும். 20,000 மரபணுக்களைச் சோதித்து, நூற்றுக்கு ஐந்து தவறு போகட்டும் என்று விட்டால், எதுவுமே மாறாத இடத்தில்கூட 1,000 மரபணுக்கள் மாறியதுபோல் தெரியும். இது உங்களுக்குப் பாடமாக நடத்தப்பட்டதுதான். ஆனால் ஆய்வேட்டைக் கொடுக்கும் தேதி நெருங்கும்போது மறந்துபோகிறது.

சரி, உண்மையான இலக்கு எப்படிக் கிடைத்தது? இரண்டு கதைகள் சொல்கிறேன். முதலாவது, அமெரிக்காவின் ஸ்டோனி புரூக்கில் லார்ன் கோலப் செய்தது. ஈறுத் திசுவைச் சிதைக்கும் கொலாஜனேஸ் என்சைமை டெட்ராசைக்ளின் வகை மருந்து அடக்குவதை அவர் குழு கவனித்தது. கிருமி செத்ததால் அடங்கியதா என்ற சந்தேகம் எழுமே! அதனால் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளில் பார்த்தார்கள், அங்கும் அடங்கியது. 1983ல் வெளியான அந்தக் கவனிப்பு, கிருமியைக் கொல்லாத அளவுக்குச் சிறிய மருந்தாக, 20 மில்லிகிராம் டாக்சிசைக்ளினாக, 1998ல் அமெரிக்காவில் ஈறு நோய்க்கு அனுமதி பெற்றது. நடுவில் பதினைந்து ஆண்டுகள். அந்தக் கிருமியில்லா எலிச் சோதனைதான் என் மனதில் நிற்கிறது. தன் கருத்து பொய்யாகுமா என்று தானே சோதித்துப் பார்த்த நேர்மை அது.

இரண்டாவது கதை காம்ப்ளிமென்ட் என்ற நோய் எதிர்ப்பு அமைப்பில் வரும் சி3 புரதத்தைப் பற்றியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஹாஜிஷெங்காலிஸும் ஜான் லாம்ப்ரிஸும் எலியிலும் பிறகு குரங்கிலும் அதைத் தடுத்துப் பார்த்தார்கள். அதன் பின்னரே ஏ.எம்.ஒய்.-101 என்ற மருந்து, ஈறு அழற்சி உள்ள 40 பேரிடம் சிறிய சோதனைக்கு வந்தது. ஈற்றில் நேரடியாகச் செலுத்தினார்கள், அழற்சி குறைந்தது. முடிவு 2021ல் வெளியானது. இன்னும் பெரிய சோதனைகள் தேவை. ஓர் இலக்கு மருந்தாவது இப்படித்தான், ஒவ்வொரு படியிலும் நின்று கேள்வி கேட்டுத்தான்.

இதோடு ஓர் எச்சரிக்கையும் சேர்ந்தே வருகிறது. நோயில் கூடுதலாக இருப்பதெல்லாம் எதிரி அல்ல. ஐ.எல்.-17 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பிறவியிலேயே வெள்ளையணுக்கள் திசுவுக்குள் நுழைய முடியாத ஓர் அரிய நோயில், ஈற்றில் ஐ.எல்.-17 கட்டுக்கடங்காமல் போகிறது. அதற்கு மேலே இருக்கும் ஐ.எல்.-23ஐயும் கூடவே ஐ.எல்.-12ஐயும் தடுக்கும் உஸ்டெகினுமாப் என்ற மருந்தை அப்படிப்பட்ட நோயாளி ஒருவருக்குக் கொடுத்தபோது வாய் அழற்சி அடங்கியதை 2017ல் நிகி மவுட்ஸோபுலோஸ் குழு எழுதியது. அதே ஐ.எல்.-17ஐ வேறு நோய்களுக்காகத் தடுக்கும்போது சிலருக்கு வாயில் கேண்டிடா பூஞ்சை படர்கிறது. ஏனென்றால் அதுதான் அங்கே காவல். ஒருவருக்கு இலக்கு, மற்றவருக்கு அரண். வலைப் படத்தில் இரண்டுக்கும் ஒரே சிவப்பு நிறம்தான்.

இப்போது என் ஊருக்கு வருகிறேன். என் கிளினிக்கில் என்னை அதிகம் வாட்டும் நோய் பயோரியா அல்ல. இருபத்தைந்து வயதுப் பையன் வந்து உட்காருவான். “வாயே திறக்க வரல சார். ரசம் சாப்பிட்டாக்கூட எரியுது” என்பான். கன்னத்தின் உட்பக்கம் வெளுத்து, விரலால் தடவினால் கயிறு கயிறாக நார் தட்டுப்படும். சாதாரணமாக மூன்று விரல் நுழையும் இடத்தில் ஒரு விரல் நுழையாது. சட்டைப் பையில் பாக்குப் பொட்டலம் இருக்கும். சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்ற இந்த நோய்க்கு 1953ல் மும்பையின் டாக்டர் ஜோஷி பெயர் வைத்தார். கேரளம் 2012ல் குட்காவைத் தடை செய்தது. ஆனாலும் பொட்டலம் வேறு பெயரில் வந்துகொண்டேதான் இருக்கிறது.

பாக்கில் இருக்கும் அரிக்கோலின், கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுகிறது. பாக்கில் உள்ள செம்பு, கொலாஜன் இழைகளைப் பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்ற என்சைமுக்குத் துணை போகிறது. டி.ஜி.எஃப்.-பீட்டா அழற்சியை நாராக்கத்தின் பக்கம் திருப்புகிறது. பாக்கே புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் வெளியிட்ட தொகுப்பில் உறுதி செய்தது. பாக்கு மரத்தின் அறிவியல் பெயரான அரிக்கா, மலையாளத்து அடைக்காவிலிருந்து போர்த்துகீசியர் வாய் வழியே போன சொல். இங்கிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டரில், மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் சரக்காகக் கிடந்த சொல் அது. மூலக்கூறின் பெயரில்கூட நம் மண் இருக்கிறது. ஆனால் அந்த நோய்க்கான தரவு, ஈறு நோய்த் தரவின் அருகில் வைத்தால், பெரிய குன்றுக்குப் பக்கத்தில் சிறு கூழாங்கல்லாகத்தான் இருக்கிறது. நியூயார்க்கில் இந்த நோய் பெருவழக்கு இல்லை. அங்குள்ளவர்கள் நமக்காக அதை அளந்து வைக்க மாட்டார்கள்.

நம்மால் முடியாதா? இந்த மாவட்டமே பதில் சொல்கிறது. 1966, 67ல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பல் ஆராய்ச்சிப் பிரிவு, ஃபாலி மேத்தாவும் கோபன்ஹேகனின் ஜென்ஸ் பிண்ட்போர்கும் வழிகாட்ட, இந்தியாவின் ஐந்து மாவட்டங்களில் வீடு வீடாகப் போய் 50,000க்கும் மேற்பட்ட கிராமத்தாரின் வாயைப் பரிசோதித்தது. அந்த ஐந்தில் ஒன்று நம் எர்ணாகுளம். பிறகும் விடாமல் ஆண்டுக்கணக்கில் அதே வாசல்களுக்குத் திரும்பிப் போனார்கள். இந்த மாவட்டத்தில் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் இருந்த 66 பேரைப் பதினேழு ஆண்டு பின்தொடர்ந்து, அவர்களில் 5 பேருக்குப் புற்று வந்ததை 1985ல் எழுதினார்கள். இந்த நோயைப் பற்றி உலகில் எங்கே எழுதினாலும் அந்த 7.6 சதவீதத்தை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது இந்த ஊர்க்காரர்களின் வாயிலிருந்து வந்த எண். புகையிலையை விடச் சொல்லி 36,000 பேரிடம் மூன்று மாவட்டங்களில் அவர்கள் நடத்திய அடுத்த ஆய்வு 1986ல் லான்செட் இதழில் வந்தது; அதிலும் எர்ணாகுளம் உண்டு.

அவர்களிடம் கணினி வலை இல்லை. கையில் டார்ச்சும் வாய்க் கண்ணாடியும், கூடவே, மறுபடியும் வருவோம் என்ற வாக்கும் இருந்தன. அந்த வாக்கைக் காப்பாற்றியதால்தான் மக்கள் வாயைத் திறந்தார்கள்.

இன்று களமசேரியின் நிலையைப் பாருங்கள். 1971லிருந்து இங்கே குசாட் பல்கலைக்கழகம் இருக்கிறது. எச்.எம்.டி. காலனிப் பக்கம் அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் வளாகத்தில் கொச்சி புற்றுநோய் ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்டோவில் போய்விடலாம். கணக்குப் போடத் தெரிந்தவர்களும் திசுவைக் கையாளத் தெரிந்தவர்களும் நோயாளியின் வாயைப் பார்ப்பவர்களும் இத்தனை பக்கத்தில் இருக்கும் ஊர்கள் குறைவு. சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இப்படி ஓர் அண்டைவீடு இருக்கவே செய்யும். நடுவில் இருப்பது ஒரு சாலை. அதைக் கடக்க வேண்டும்.

ஆகவே மாணவர்களே, உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், கருவிகளின் பெயருக்கு முன்னால், இந்தத் திசு யாருடையது என்று எழுதுங்கள். எந்த ஊர், எத்தனை பேர், என்ன வயது, புகையிலை, பாக்கு, சர்க்கரை நோய் உண்டா என்று தெரிந்த வரை எழுதுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். ஒரு தொகுதியில் கண்டதை, அதோடு தொடர்பில்லாத இன்னொரு தொகுதியில் சரிபார்க்காமல் இலக்கு என்ற சொல்லைத் தொடாதீர்கள். டாக்கிங் எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். நோயியல் துறைகளில் பல ஆண்டுப் பயாப்ஸிகள் மெழுகுக் கட்டிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதியோடு, உங்கள் பத்தில் ஒரே ஒரு புரதத்தையாவது அந்தத் திசுவில் சாயமேற்றிப் பாருங்கள். கணினி சொன்னது செல்லில் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். பின்னால் வரும் ஒருத்திக்கு ஆறு மாதம் மிச்சமாகும்.

ஆசிரியர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரை எண்ணிக்கை உங்களையும் நெருக்குகிறது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு துறைகள் சேர்ந்து வழிநடத்தும் ஆய்வேடு ஒன்றைத் தொடங்குங்கள்: ஒரு மாணவி கணக்குப் பார்க்க, ஒரு பல் மருத்துவ மாணவர் திசு எடுக்க. நோயாளியின் ஒப்புதலை அவர் பேசும் மொழியில் வாங்குங்கள். இந்த ஊரில் அது மலையாளமாகவும் தமிழாகவும் வங்காளமாகவும் இருக்கும். கிடைக்கும் தரவைப் பூட்டி வைக்காமல், பெயர் விவரங்களை நீக்கி, ஃபரிதாபாதின் இந்திய உயிரியல் தரவு மையத்தில் சேர்த்துவிடுங்கள். நியூயார்க்கின் 120 பேர் நம் மாணவர்களுக்குக் கொடுத்ததை, எர்ணாகுளத்தின் 120 பேர் உலகத்துக்குத் திருப்பிக் கொடுக்கட்டும்.

மருந்து வரும் வரை என் பங்குக்கு நான் பாக்கை விடச் சொல்லிக்கொண்டே இருப்பேன். விட்ட பிறகும் அந்த நார் முழுதாகக் கரைவதில்லை. விட்டவனுக்குக் கொடுக்க என் கையில் இன்று இருப்பவை கொஞ்சம்: வாய்ப் பயிற்சி, ஸ்டீராய்டு ஊசி, முற்றிவிட்டால் கத்தி. பாக்கை விட்டுவிட்டு வந்து, “இனி சரியாயிடும்ல சார்?” என்று கேட்கிறவனுக்குச் சொல்ல இன்னும் நல்ல பதில் எனக்கு வேண்டும். அந்தப் பதிலை உங்களிடம்தான் எதிர்பார்க்கிறேன்.

அந்தப் பெண் அடுத்த சனிக்கிழமை காலை மறுபடி வந்தாள், மடிக்கணினி இல்லாமல். நாற்காலியில் தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். அவன் சம்மதம் கேட்டுவிட்டு, அளவுகோலை அவள் கையில் கொடுத்தேன். மேல் பல்லிலிருந்து கீழ்ப் பல்லுக்கு 18 மில்லிமீட்டர். 40 இருக்க வேண்டிய இடம். அவள் இரண்டாம் தடவையும் அளந்தாள். அதே 18. நோட்டில் எண்ணை எழுதிவிட்டு, அதற்குப் பக்கத்தில் அவன் வயதையும் எத்தனை வருடமாகப் பாக்கு என்பதையும் தானாகவே கேட்டு எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமைகளில் காலை ஒன்பது மணிக்குக் கிளினிக் திறக்கிறேன். நீங்களும் வாருங்கள்.

அன்புடன்,
களமசேரியிலிருந்து ஒரு பல் மருத்துவர்